முற்றத்து வேலைக்கு முதலில் வாட்டம் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெயில் ஏறத் தொடங்கியதும் கிராமத்து வீடுகளில் தள்ளிப்போட்டு வைத்த வேலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கையில் எடுக்கப்படுகின்றன. முற்றத்துக்குத் தளம், சுற்றிலும் வேலி, வண்டி நிறுத்த ஒரு தகரக் கொட்டகை, குளியலறைத் தண்ணீருக்கு உறிஞ்சுகுழி, கடைசியில் சுவருக்குப் பெயின்ட். பத்திரிகைகளின் வீட்டுப் பக்கங்களில் இந்தச் சமயத்தில் எந்த நிறம் அடிக்கலாம், எந்த டைல்ஸ் பதிக்கலாம் என்று நிறைய வருகிறது. எந்த வேலையை முதலில் தொடங்குவது, அதற்கு எத்தனை லிட்டர் தண்ணீர் கைவசம் வேண்டும் என்பது மட்டும் வருவதில்லை. மழைக்குப் பிறகு உடைத்துச் செய்ய நேரும் வேலைகளில் பெரும்பாலும் சிமென்ட் மீதோ கம்பி மீதோ குற்றம் இருக்காது. வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, பார்க்காமல் போட்டிருப்பார்கள், மண்ணைக் கெட்டிக்காமல் போட்டிருப்பார்கள், அல்லது கான்கிரீட் வலுவேற அதை ஈரமாகவே வைத்திருக்கும் ‘தண்ணீர் காட்டுவதை’ப் போட்ட மறுநாளே நிறுத்தியிருப்பார்கள். இந்த மூன்றையும் பற்றி விரிவாக எழுத இடம் தர வேண்டுகிறேன்.

வேலைகளின் வரிசை இதுதான்: கூரைத் தண்ணீரும் முற்றத்துத் தண்ணீரும் போகும் வழி, பிறகு தரைக்கு அடியில் போக வேண்டிய குழாய், ஒயர் பைப், அதன்பின் மண் நிரப்பிக் கெட்டித்தல், கொட்டகைத் தூணின் அடித்தளம், தளம், வேலி, கடைசியாகப் பெயின்ட். வேலியை முதலில் போட்டுவிட்டால் ஜல்லி லாரி உள்ளே வரக் கேட் பக்கம் இரண்டு தூணைப் பிடுங்க வேண்டிவரும். தளம் போட்ட பிறகு குழாய் நினைவுக்கு வந்தால் வெட்டி ஒட்டுப்போட்ட இடத்தில்தான் முதல் விரிசல் விழும். இப்போது தேவையில்லை என்று தோன்றினாலும், தளத்துக்கு அடியில் குறுக்காக ஒரு 4 அங்குல வெற்றுக் குழாயைப் புதைத்து இரு முனையையும் மூடி வையுங்கள். பின்னாளில் ஒயரோ தண்ணீர்க் குழாயோ அதற்குள் போகும்.

முதலில் தண்ணீர்க் கணக்கு. ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். வீட்டின் ஒரு பக்கச் சாய்ப்பு 40 சதுர மீட்டர் என்றால், 50 மி.மீ. மழையில் அந்த ஒரு பக்க இறவாணத்தில் மட்டும் 2,000 லிட்டர் இறங்குகிறது. இறவாண விளிம்பில் தகர வாய்க்கால் வைத்து ஒரு குழாய்க்குக் கொண்டுவராவிட்டால் அத்தனையும் சுவரை ஒட்டிய ஒரு முழ அகலத் தரையில் விழுந்து அஸ்திவாரத்தை நனைக்கும். இதற்கு உறிஞ்சுகுழி ஒன்று போதும் என்று நினைப்பவர்கள் ஒரு கணக்கைத் தவறவிடுகிறார்கள். ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழம் உள்ள குழி வெறுமையாக இருந்தால் 1,000 லிட்டர் கொள்ளும். அதில் கருங்கல் உடைசலை நிரப்பியபின் கல்லிடை வெளி 35 முதல் 40 சதவீதம்தான். அதாவது 350 முதல் 400 லிட்டர். மிச்சத்தை மண் எவ்வளவு வேகமாகக் குடிக்கிறது என்பதைப் பொறுத்தே குழி வேலை செய்யும்.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு எளிய சோதனை உண்டு. குழி எந்த ஆழத்தில் முடியப்போகிறதோ அந்த ஆழத்தில், ஒரு அடி அகலத்துக்குச் சிறு பள்ளம் தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் தடவை காய்ந்த மண் வேகமாகக் குடித்துவிடும். அதை நம்ப வேண்டாம். இரண்டு தடவை ஊற்றி வடியவிட்டு, மூன்றாவது தடவை ஒரு குச்சியை நட்டு அடையாளமிட்டு அரை மணி நேரம் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர்கூட இறங்கவில்லை என்றால் அது களிமண். அங்கே குழி வெட்டுவது தொட்டி கட்டுவதற்குச் சமம், தண்ணீரை வாய்க்கால் வழியாக வேறிடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். நன்றாக இறங்குகிறது என்றால் வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளிக் குழியை வையுங்கள். குழிக்கு முன்னால் ஒரு சிறு வண்டல் தொட்டி அவசியம். குழியை அடைப்பது வண்டலும் சோப்பு அழுக்கும்தான். தொட்டி இருந்தால் அதை மட்டும் மாதம் ஒருமுறை வாரினால் போதும், குழியைத் தோண்ட வேண்டியதில்லை. கழிப்பறைத் தண்ணீர் இறங்கும் குழி கிணற்றிலிருந்து 15 மீட்டருக்குக் குறையாமல் தள்ளி, கிணற்றைவிடத் தாழ்வான பக்கத்தில் இருக்க வேண்டும். மணல் பாங்கான மண்ணிலும் வெடிப்புப் பாறையிலும் 15 மீட்டர்கூடப் போதாது.

இனி வாட்டம். கண்ணால் பார்த்து வாட்டம் சொல்ல முடியாது. வீட்டுச் சுவரும் மரங்களும் கண்ணை ஏமாற்றும். உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே தெரிகிற பத்து மீட்டர் பிளாஸ்டிக் ட்யூப் போதும்; அதன் இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒரு முனையை வாளிக்குள் விட்டு, மறு முனையில் உறிஞ்சித் தண்ணீர் ஏற்றுங்கள். குழாயில் நேராக ஊற்றினால் காற்றுக் குமிழி சிக்கும். ட்யூப் முழுக்கக் கண்ணை ஓட்டிக் குமிழி இல்லை என்று உறுதி செய்த பிறகே மட்டம் பாருங்கள். ஒரே ஒரு குமிழி இருந்தாலும் மட்டம் தப்பும். அளக்கும்போது இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும். ஒருவர் கட்டை விரலால் அடைத்துக்கொண்டே ‘மட்டம் நின்றுவிட்டது’ என்று சொல்வதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. சுவரில் வீட்டுத் தரைமட்டத்திலிருந்து சரியாக ஒரு மீட்டர் உயரத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, முற்றத்தின் நான்கு மூலையிலும் முளை அடித்து அதே மட்டத்தைக் குறித்துக்கொண்டால், பிறகு எங்கு வேண்டுமானாலும் அந்தக் கோட்டிலிருந்து கீழே டேப் வைத்து அளக்கலாம்.

மண் தரை என்றால் வீட்டை ஒட்டிய முதல் 3 மீட்டரில் 15 செ.மீ. இறக்கம் வேண்டும். சிமென்ட் தளத்துக்கு மீட்டருக்கு 1 முதல் 1.5 செ.மீ. போதும். ஒரு செ.மீ.க்கும் குறைந்தால் மேற்பரப்பின் சிறு மேடுபள்ளமே தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், 2 செ.மீ.க்கு மேல் போனால் கட்டில், நாற்காலி சாய்ந்து நிற்கும், ஈரத்தில் பெரியவர்கள் கால் வழுக்கும். முற்றத்துத் தளத்தின் மேல்மட்டம் வீட்டுத் தரையைவிடக் குறைந்தது 15 செ.மீ. கீழே இருக்கட்டும். பழைய தளத்தின் மேலேயே புதுத் தளம், அதன் மேல் டைல்ஸ் என்று ஏற்றிக்கொண்டே போய், வாசல் நிலைக்கு இரண்டு அங்குலம் கீழே முற்றம் வந்து நிற்கும் வீடுகள் ஏராளம். அங்கெல்லாம் உள்சுவரில் ஓதம் ஏறும், நிலைக்கால் கரையானுக்கு இரையாகும்.

மண் நிரப்புவதில்தான் அவசரம் அதிகம். ஒரு அடி பள்ளத்தை ஒரே தடவையில் கொட்டி, மேலே தண்ணீர் விட்டு, டிராக்டரை இரண்டு நடை ஓட்டினால் மேல் நான்கு அங்குலம் மட்டும் இறுகும். அடியில் மண் பொருபொருவென்றே கிடக்கும். அடுத்த மழைக் காலத்தில் அடிமண் அமரும், தளம் மட்டும் மேலே அந்தரத்தில் நிற்கும், வண்டிச் சக்கரம் ஏறிய அன்றைக்கு உடையும். 15 செ.மீ. அடுக்காக நிரப்பி ஒவ்வொரு அடுக்கையும் திமிசுக் கட்டையால் கெட்டியுங்கள். மண்ணின் ஈரம் சரியா என்று கை சொல்லும்: ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் நான்கைந்து துண்டாகச் சிதற வேண்டும். உருண்டையே பிடிக்கவில்லை என்றால் ஈரம் போதாது. உள்ளங்கை நனைந்தால் ஈரம் கூடிவிட்டது. அந்த நிலையில் இடித்தால் மண் இறுகாது, ஒரு பக்கம் அமுக்க மறுபக்கம் பிதுங்கும். குப்பை, வேர், பழைய மரத்துண்டு எதையும் நிரப்பு மண்ணில் விடாதீர்கள். அவை மக்கும் இடத்தில் பள்ளம் விழும், கரையானும் அங்கிருந்துதான் வரும்.

தளத்துக்கு வருவோம். 4 மீட்டருக்கு 3 மீட்டர் முற்றம், 10 செ.மீ. கனம் என்று வைத்துக்கொள்வோம். அது 1.2 கன மீட்டர் கான்கிரீட். ஆள் நடமாட்டத்துக்கும் இருசக்கர வண்டிக்கும் 1:2:4 கலவை (சிமென்ட் ஒரு பங்கு, மணல் இரண்டு, ஜல்லி நான்கு) போதும். 50 கிலோ சிமென்ட் 8 மூட்டை, மணல் அரை கன மீட்டருக்குச் சற்று மேல், 20 மி.மீ. ஜல்லி ஒரு கன மீட்டருக்குச் சற்று மேல். கார், டிராக்டர் ஏறும் இடமென்றால் கனத்தை 15 செ.மீ. ஆக்கி, கலவையை 1:1½:3 ஆக்க வேண்டும்.

சட்டிக் கணக்கில் கலப்பதைவிட ஒரு மரப்பெட்டி செய்துகொள்ளுங்கள். உள்ளளவு நீளம் 40, அகலம் 35, உயரம் 25 செ.மீ. இதில் 35 லிட்டர் கொள்ளும். ஒரு மூட்டை சிமென்ட்டின் அளவும் அதுவே. ஆக ஒரு மூட்டைக்கு மணல் இரண்டு பெட்டி, ஜல்லி நான்கு பெட்டி. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மணல் லேசாக ஈரமாக இருந்தால் உப்பிக்கொள்ளும்; நடுத்தர மணல் 5 சதவீத ஈரத்தில் கால் பங்கு வரை கூடுதலாகத் தெரியும். காய்ந்த மணல் இரண்டு பெட்டி வேண்டிய இடத்தில் ஈர மணல் இரண்டரைப் பெட்டி போட்டால்தான் உண்மையில் இரண்டு பெட்டி மணல் விழும். அதைப் போலவே மண் கலப்பு. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதிக்கு மணல், அதற்கு மேல் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணலுக்கு மேலே படியும் சேற்று அடுக்கு, மணல் உயரத்தில் நூற்றுக்கு எட்டுக்கு மேல் போனால் அதைக் கழுவாமல் பயன்படுத்தக் கூடாது.

தண்ணீர் ஒரு மூட்டைக்கு 25 லிட்டர். கலவையின் வலு, சிமென்ட்டுக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதத்தில் இருக்கிறது என்பதை 1918இலேயே அமெரிக்க ஆராய்ச்சியாளர் டஃப் ஆப்ராம்ஸ் அளந்து காட்டிவிட்டார். 25க்குப் பதில் 30 லிட்டர் ஊற்றினால் வலுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். மணலில் உள்ள ஈரமும் இந்தக் கணக்கில் சேர்த்தி: இரண்டு பெட்டி மணல் ஏறக்குறைய 100 கிலோ, அதில் 5 சதவீதம் ஈரமென்றால் 5 லிட்டர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, நீங்கள் ஊற்ற வேண்டியது 20தான். கோடையில் கலவை சீக்கிரம் இறுகுவதால், ‘இன்னும் ஒரு குடம் ஊத்து, இழுக்க வரல’ என்ற குரல் மதியத்துக்கு மேல் கட்டாயம் கேட்கும். அந்தக் குடம்தான் தளத்தைக் கெடுக்கிறது. கலவையை இளக்க வேண்டுமென்றால் தண்ணீரோடு சிமென்ட்டையும் அதே விகிதத்தில் சேர்க்க வேண்டும். அதைவிட எளிது, வெயிலில் கலவை போடாமல் இருப்பது. ஜல்லிக் குவியலை முதல் நாளே நிழலில் கொட்டி, விடியும் முன் தண்ணீர் தெளித்துக் குளிரவிட்டு, அதன் ஈரத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, காலை 9 மணிக்குள் கொட்டி முடியுங்கள். கெட்டித்த மண்ணையும் பக்கப் பலகையையும் நனைத்து வையுங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது, காய்ந்தும் இருக்கக் கூடாது. காய்ந்த மண் கலவையின் தண்ணீரை அடிப்பக்கமாக உறிஞ்சிவிடும்.

கம்பி வலை போடுவதாக இருந்தால் அதன் இடம் தளத்தின் மேல் பாதியில். மண்ணில் விரித்து அதன் மேலேயே கலவை கொட்டினால் அந்தக் கம்பியால் ஒரு பயனும் இல்லை, துருப்பிடிப்பதுதான் மிச்சம். 10 செ.மீ. தளத்துக்கு 5 செ.மீ. கவர் பிளாக் (கம்பியைத் தாங்கும் சிறு கான்கிரீட் கட்டை) வைத்து அதன் மேல் வலையை நிறுத்துங்கள். ‘கொட்டும்போது கொக்கியால் தூக்கிவிடுகிறோம்’ என்பதை ஏற்க வேண்டாம். தூக்கிய கையை எடுத்ததும், மிதிக்கிற காலில் அது மறுபடி அடிக்குப் போய்விடும்.

மட்டக் கட்டையால் இழுத்துவிட்ட பத்துப் பதினைந்து நிமிடத்தில் கலவையின் மேல் மெல்லிய தண்ணீர்ப் படலம் ஊறி வரும். சாய்வாகப் பார்த்தால் கண்ணாடி போல் பளபளக்கும். இந்தக் கட்டத்தில் கரணையை வைக்கக் கூடாது. அந்தத் தண்ணீரை உள்ளே தேய்த்தால் மேல் தோல் மட்டும் நீர்த்த கலவையாகி, ஆறு மாதத்தில் பெருக்கப் பெருக்க வெள்ளைப் பொடியாக வந்துகொண்டே இருக்கும். அவசரத்தில் காய்ந்த சிமென்ட்டைத் தூவித் தண்ணீரை உறிஞ்ச வைப்பது அதைவிடக் கெடுதல். அந்தத் தூவல் அப்பளம் போல் பெயரும். பளபளப்பு மறைந்து மேற்பரப்பு மங்கும் வரை பொறுத்திருங்கள். கால் வைத்தால் அரை சென்டிமீட்டருக்கு மேல் பதியக் கூடாது. அப்போது மணியாஸ் கட்டையால் (மரத் தேய்ப்புக் கட்டையால்) தேய்க்கலாம். முற்றத்துக்குக் கரணை வைத்து வழவழப்பாக்க வேண்டாம்; தென்னந்துடைப்பத்தால் வாட்டத்துக்குக் குறுக்காக ஒரு இழுப்பு இழுத்தால் வழுக்காது. கோடைக் காற்றில் இந்தத் தண்ணீர் ஊறி வரும் முன்பே பறந்துவிடும். அப்போது மேலே ஒரு சாண் நீளத்தில் இணையிணையாகக் கீறல்கள் தோன்றும். காற்று வரும் பக்கம் ஒரு தார்பாயைத் தடுப்பாகக் கட்டுவதும், தேய்ப்புக்கு இடைப்பட்ட நேரத்தில் பாலித்தீன் தாளால் மூடி வைப்பதும் இதைத் தடுக்கும்.

சுவரை ஒட்டித் தளத்தைக் கொட்டாதீர்கள். சுவருக்கும் தளத்துக்கும் நடுவே 12 மி.மீ. தெர்மாகோல் பட்டை வைத்து, பின்னர் அதன் மேல் முனையைச் சுரண்டி எடுத்து சீலன்ட் நிரப்புங்கள். கொட்டகைத் தூணைச் சுற்றியும் அப்படியே. 4 மீட்டர் நீளத்தை ஒரே பாளமாகவும் விடக் கூடாது. 10 செ.மீ. தளத்துக்கு இரண்டரை முதல் 3 மீட்டருக்கு ஒரு பொழி (மேற்பரப்பில் நேராக வெட்டும் கோடு) வேண்டும், கனத்தில் கால் பங்கு ஆழத்துக்கு, அதாவது இரண்டரை செ.மீ. இந்த முற்றத்தில் நடுவே குறுக்காக ஒன்று போட்டால் போதும். கான்கிரீட் காய்கையில் சுருங்கத்தான் செய்யும். பொழி இருந்தால் விரிசல் அதற்குள் ஒளிந்து நேராகப் போகும், இல்லாவிட்டால் தன் விருப்பத்துக்கு வளைந்து போகும்.

தண்ணீர் காட்டுவது பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். வெயில் காலத்தில் குறைந்தது 10 நாள், கலப்பு சிமென்ட் (சாம்பல் போன்றவை சேர்த்த சிமென்ட்) என்றால் 14 நாள். தேய்த்து முடித்துக் கை வைத்தால் ஒட்டாத நிலை வந்ததும் ஈரச் சாக்கைப் போர்த்துங்கள். மறுநாள் களிமண் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தலாம். இங்கே வாட்டம் குறுக்கே வரும்: 3 மீட்டரில் 4 செ.மீ. இறக்கம் உள்ள தளத்தில் ஒரே பாத்தி கட்டினால் கீழ்ப்பக்கம் தண்ணீர் நிற்கும், மேல்பக்கம் சீக்கிரமே காய்ந்து வெளுத்துவிடும். வாட்டத்துக்குக் குறுக்காக மூன்று பாத்தி கட்டினால் எல்லா இடத்திலும் சராசரியாக ஒரு அங்குலம் நிற்கும். 12 சதுர மீட்டருக்கு முதல் நாள் 300 லிட்டர். அதன்பின் நாளுக்கு 8 மி.மீ. ஆவியாகிறது என்றால் 96 லிட்டர். பத்து நாளில் மொத்தம் 1,300 லிட்டருக்கு அருகில் வரும். கலவைக்கு 200 லிட்டர் தனி. ஆக, இந்தச் சிறு முற்றத்துக்கே 1,500 லிட்டர் வேண்டும். கிணறு வற்றும் மாதத்தில் இந்தத் தண்ணீருக்கு வழி இல்லையென்றால் தளத்தைத் தொடங்காதீர்கள். மண் வேலையையும் குழாயையும் மட்டும் முடித்து வைத்து, முதல் மழைக்குப் பின் தளம் போடுங்கள். தண்ணீர் குறைவாகத்தான் இருக்கிறது என்றால், நனைந்த சாக்கின் மேல் பாலித்தீன் விரித்து ஓரங்களில் செங்கல் வைத்து மூடினால் கால் பங்குத் தண்ணீரில் அதே பலன் கிடைக்கும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை தெளித்துவிட்டுப் போவது போதாது. நடுவில் காய்வதும் மீண்டும் நனைவதுமாக இருந்தால் மேற்பரப்பு சுருங்கி விரிந்து ஏர் கிராக் (மயிரிழை விரிசல்) விடும். உச்சிவெயிலில் சுடும் தளத்தின் மேல் ஜில்லென்ற போர் தண்ணீரைத் திடீரென்று கொட்டுவதும் அதையே செய்யும்.

மறுநாளிலிருந்து நடக்கலாம், ஒரு வாரத்துக்குப் பின் இருசக்கர வண்டி, இரண்டு வாரம் கழித்துக் கார். பாரம் ஏற்றிய டிராக்டருக்கு 28 நாள்.

கொட்டகையில் எல்லோரும் மேலிருந்து இறங்கும் பாரத்தைப் பார்க்கிறார்கள். காற்று மேலே தூக்குவதைப் பார்ப்பதில்லை. 5 மீட்டருக்கு 3 மீட்டர் தகரக் கூரையின் எடை 70 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். மணிக்கு 108 கி.மீ. வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 55 கிலோ விசையைத் தருகிறது; 15 சதுர மீட்டருக்கு 800 கிலோவுக்கு மேல். நாலு பக்கமும் திறந்த கொட்டகையைப் பிடித்து வைப்பது தூணுக்கு அடியில் இருக்கும் கான்கிரீட்டின் எடை மட்டுமே. ஒன்றரை அடி சதுரம், இரண்டரை அடி ஆழக் குழியில் போட்ட கான்கிரீட் ஏறத்தாழ 365 கிலோ. நான்கு தூணுக்கும் இப்படிப் போட்டால் தாங்கும். ஒரு அடிக் குழியில் இரண்டு சட்டிக் கலவை என்றால் முதல் புயலிலேயே தூணோடு எழும்பும். தூணைக் கான்கிரீட்டுக்குள் புதைப்பதைவிட, தரைக்கு 5 செ.மீ. மேலே பேஸ் பிளேட் (தூணின் அடித் தகடு) வைத்து, கான்கிரீட்டில் பதித்த ஜே-போல்ட்டில் (வளைந்த போல்ட்டில்) முடுக்குவது நல்லது. புதைத்த இரும்புக் குழாய் தரையைத் தொடும் வளையத்தில்தான் முதலில் அரிக்கும்.

தகரத்தைக் காற்று வரும் திசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து பதிக்கத் தொடங்குங்கள். அப்போது ஒவ்வொரு பக்க மடிப்பின் வாயும் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும். நீள வாட்டத்தில் ஒன்றின் மேல் ஒன்று 15 செ.மீ. ஏறட்டும். திருகாணியை முடுக்கும்போது ரப்பர் வாஷர் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் முடுக்கினால் ரப்பர் கிழிந்து இரண்டே கோடையில் ஒழுகும். துளை போட்ட இரும்புத் தூளை அன்று மாலையே மென்மையான துடைப்பத்தால் பெருக்கிவிடுங்கள். அந்தத் தூள் ஒரே இரவுப் பனியில் துருப்பிடித்துத் தகரத்தில் புள்ளி புள்ளியாக ஒட்டிக்கொள்ளும். ‘புதுத் தகரம் ஒரே மாதத்தில் துருப்பிடித்துவிட்டது’ என்று விற்றவரோடு சண்டைக்குப் போகும் பலருக்கு இதுதான் காரணம் என்று தெரிவதில்லை.

வேலித் தூணில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும். குழி மேலே அகலமாகவும் அடியில் குறுகலாகவும் இருக்கக் கூடாது. நேர்மாறாக அடி அகன்றிருந்தால் தூண் பிடுங்கிக்கொண்டு வராது. அடியில் ஒரு சாண் ஜல்லி, அதன் மேல் தூண், சுற்றிலும் கலவை. கலவையின் தலையை மண்ணுக்கு இரண்டு அங்குலம் மேலே கொண்டுவந்து வெளிப்பக்கமாகச் சரித்துவிடுங்கள். மரத்தூணை மண்மட்டத்துக்கு ஒரு அங்குலம் கீழே கத்தி முனையால் குத்திப் பாருங்கள்: மேலேயும் அடியிலும் கெட்டியாக இருக்கும் தூண், அந்த இரண்டு மூன்று அங்குலத்தில் மட்டும் பஞ்சு போல் உள்ளே வாங்கும். ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கும் இடம் அதுதான். அங்கே தேங்கும் தண்ணீரைச் சரித்துவிட்டாலே தூணின் ஆயுள் கூடும். மூலைத் தூணுக்கு இரு பக்கமும் முட்டுக்கால் இல்லாமல் கம்பியை இழுக்காதீர்கள். வேலிக் கம்பியை நல்ல வெயிலில் இழுத்தால் விறைப்பாக இழுக்க வேண்டாம். 100 மீட்டர் கம்பி, வெப்பம் 25 டிகிரி இறங்கினால் 3 செ.மீ. சுருங்கி மூலைத் தூணை உள்ளே சாய்க்கும்.

மரக் கேட் தொங்கிப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் குறுக்குச் சட்டம் தலைகீழாக வைக்கப்பட்டிருப்பது. கீல் பக்கத்துக் கீழ் மூலையிலிருந்து தாழ்ப்பாள் பக்கத்து மேல் மூலைக்குச் சட்டம் போக வேண்டும். அப்போதுதான் எடை கீழ்க் கீலுக்கு இறங்கும். கம்பியும் டர்ன்பக்கிளும் (கம்பியை முறுக்கி இறுக்கும் திருகு) போட்டு இழுப்பதாக இருந்தால் இதற்கு நேர் எதிர்: கீல் பக்கத்து மேல் மூலையிலிருந்து தாழ்ப்பாள் பக்கத்துக் கீழ் மூலைக்கு.

பெயின்ட் கடைசி. புதுப் பூச்சுக்கு நான்கு வாரமாவது காய விட வேண்டும். ஒன்றரை அடிப் பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் காலையில் பாருங்கள். உள்ளே முத்து முத்தாக வியர்த்திருந்தால் சுவர் இன்னும் தயாரில்லை. வெயில் படும் சுவரில் அடிக்காதீர்கள், நிழல் வந்த பக்கம் அடியுங்கள்.

வேலை செய்கிறவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. 11 மணிக்கும் 3 மணிக்கும் நடுவே வெயிலில் ஆளை நிறுத்தாதீர்கள். கால் மணிக்கு ஒரு குவளை தண்ணீர், தாகம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும். வியர்வை நின்று, பேச்சுக் குழறி, தடுமாறுகிறவரை நிழலில் படுக்க வைத்து உடலை நனைத்து விசிறியபடியே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ‘கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும்’ என்று விடக் கூடாது. ஈர சிமென்ட் தோலை அரிக்கும், கால் பூட்ஸும் ரப்பர் கையுறையும் கொடுங்கள். மார்பளவுக்கு மேல் ஆழமான பள்ளத்துக்குள் முட்டுப் பலகை இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து இரண்டடி தள்ளியே கொட்டுங்கள். கலவை மெஷின், கட்டர் எல்லாம் 30 மில்லி ஆம்பியர் டிரிப் சுவிட்ச் (மின் கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக ஓடட்டும்.

செப்டிக் டேங்குக்குள்ளும், நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றுக்குள்ளும் எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் இறக்காதீர்கள். அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் மூக்கின் உணர்வையே கெடுத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் நேரத்தில் ஆள் விழுந்திருப்பார். விழுந்தவரைத் தூக்க இறங்குகிற இரண்டாவது ஆளும் மேலே வருவதில்லை. விளக்கை இறக்கிப் பார்ப்பது இந்த வாயுவைக் காட்டிக் கொடுக்காது. வெளியிலிருந்து இயந்திரத்தால் உறிஞ்சி எடுப்பது ஒன்றே வழி.

கடைசியாக ஒன்று. தளம் முடிந்து, பாத்தியைக் கலைத்து, மேற்பரப்பு காய்ந்த பிறகு, கொத்தனாருக்குக் கடைசிக் கணக்கு முடிக்கும் முன், ஒரு 200 லிட்டர் டிரம் தண்ணீரை வீட்டுச் சுவர் ஓரத்தில் மெதுவாக ஊற்றுங்கள். அது எந்தப் பக்கம் ஓடுகிறது, வாய்க்காலுக்குப் போகிறதா, தூணடியில் சுற்றுகிறதா என்று கூட நின்று பாருங்கள். பத்து நிமிடம் கழித்துத் தேங்கி நிற்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். வட்டத்துக்குள் ஒரு நாணயத்தைப் போட்டு, அது முழுகாமல் இருந்தால் விட்டுவிடலாம், வெயிலில் காய்ந்துவிடும். முழுகினால் கொத்தனார் இருக்கும்போதே சொல்லுங்கள். அந்த இடத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, சிமென்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமென்ட்) பூசி, அதன்மேல் கலவை வைத்துச் சரிசெய்து, அந்த ஒட்டுக்கும் ஏழு நாள் சாக்குப் போட்டு நனைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கட்டட வேலை மேற்பார்வையாளர் ஒருவர்